கவுன்சிலர் மனைவி நைரோபிக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, என் கணவர் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஒரு வார்டு கவுன்சிலர். நான் பதினான்கு வருஷமாகக் குழந்தைகள் பாதுகாப்பில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். நைரோபியில் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பில் இரண்டு வருஷ வேலை கிடைத்திருக்கிறது. உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் கவுன்சிலர் பெண்சாதி ஊரில் இல்லாவிட்டால் பெயர் கெடும் என்கிறார்கள் கட்சிக்காரர்கள். கோயிலில் நாலு பேர் பேசுவார்களே என்று மாமியார் அழுகிறார். பன்னிரண்டு வயதில் ஒரு மகள். கணவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்கிறார். நான் சுயநலக்காரியா?
- டோங்காட் வாசகி

பதில்:

இல்லை தங்கச்சி, நீ சுயநலக்காரி இல்லை. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நீ ராத்திரி தூங்காமல் கிடப்பது கடிதத்திலேயே தெரிகிறது, அதனால்தான் இதை முதல் வரியிலேயே சொல்கிறேன். எனக்கு உறுத்துவது அந்த "உன் இஷ்டம்"தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கட்சிக்காரர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர்த் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் பாழாகி மாதக்கணக்கில் குழாய் காய்ந்து கிடந்ததே, அப்போது வாளியோடு டேங்கர் லாரிக்குக் காத்து நின்ற சனங்களில் யாராவது "கவுன்சிலர் வீட்டம்மா எங்கே" என்று கேட்டார்களா? லாரி எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்டிருப்பார்கள். உன் கணவர் போனை எடுத்தால், குப்பை வண்டி வந்தால், தெருவிளக்கு எரிந்தால் ஓட்டு விழும். அவர் பக்கத்தில் நீ பட்டுச்சேலையில் நிற்பதால் ஒரு குழியும் மூடப்படாது.

கிராசா மாஷெலை நினைத்துப் பார். மொசாம்பிக் விடுதலையான 1975-ல் கல்வி அமைச்சரானவர், ஜனாதிபதி சமோரா மாஷெலின் மனைவி. 1986-ல் அவர் கணவர் வந்த விமானம் நம் நாட்டு எல்லைக்குள் ம்புசினியில் விழுந்து கணவர் போய்விட்டார். அதோடு வீட்டுக்குள் ஒடுங்கிவிடவில்லை அந்த அம்மா. போரில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ஆராயும் பொறுப்பை 1994-ல் ஐ.நா. அவரிடம் கொடுத்தது, 1996-ல் அவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் அந்தக் குழந்தைகளுக்காகவே ஒரு சிறப்புப் பிரதிநிதியை ஐ.நா. நியமித்தது. நீ செய்யப்போகிற வேலைக்கு முன்னால் நடந்து போனவர் என்றே சொல்லலாம்.

அதே 1996-ல்தான் மண்டேலாவோடு அவருக்கு இருந்த உறவு ஊருக்குத் தெரிந்தது. மாதத்தில் இரண்டு வாரம் ஜோஹன்னஸ்பர்க், மற்ற நாள் தன் வேலை, தன் நாடு என்று ஒரு ஏற்பாடு. ஒரு நாட்டின் ஜனாதிபதியே அதற்கு ஒத்துக்கொண்டார்! பேச்சு வராமல் இருந்ததா? ஆர்ச்பிஷப் டுட்டுவே, கல்யாணம் செய்யாமல் இருப்பது நல்ல முன்மாதிரி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1998 ஜூலை 18, மண்டேலாவின் எண்பதாவது பிறந்தநாளில் கல்யாணம் நடந்தது. அப்போதும் மாஷெல் என்ற பெயரை அவர் விடவில்லை. அடுத்த வருஷமே கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஆனார்.

ஊர் வாயைப் பொறுத்தவரை எனக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வருகிறது, ங்கோசசானா ட்லாமினி-ஜுமா. பத்து வருஷம் நம் நாட்டு வெளியுறவு அமைச்சர், 2012-ல் ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்தின் தலைவரான முதல் பெண். 2017 டிசம்பரில் ஏ.என்.சி. கட்சித் தலைமைக்கு நின்று 179 ஓட்டில் தோற்றார். 2017-ல் ஜனாதிபதியாக இருந்த ஜேக்கப் ஜுமாவிடமிருந்து 1998-லேயே விவாகரத்தான அவரை அப்போதும் "ஜுமாவின் முன்னாள் மனைவி" என்று எழுதியதைப் படித்து எனக்கு வயிறு எரிந்தது. நீ இருந்தாலும் அந்தப் பேச்சுதான், போனாலும் அந்தப் பேச்சுதான். அதற்காக ஒரு வேலையை விடாதே.

சரி, இப்போது "உன் இஷ்டம்".

1983-ல் எனக்கு லண்டனில் இரண்டு வருஷ நர்ஸிங் படிப்புக்கு இடம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அப்போது நிறவெறி அரசை எதிர்த்து நின்ற குடியிருப்போர் சங்கத்தில் முழுமூச்சாக இருந்தார், வீட்டில் எந்நேரமும் கூட்டம், நான் தேநீர் போட்டுக்கொண்டே இருப்பேன். அவரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அதற்கு "போகாதே" என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு நான் போகவில்லை. பதினைந்து வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன். "எனக்குப் பயமாக இருந்தது, நான் ஜெயிலுக்குப் போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று. ஆனால் நீ போயிருக்க வேண்டும்" என்றார். அன்றைக்கே அந்தப் பயத்தைச் சொல்லியிருந்தால் பிள்ளைகளை என் அக்கா வீட்டில் விட்டிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு அந்தக் குறை இருக்கிறது.

அதனால் உன் கணவரை அந்த வார்த்தைக்குள் ஒளிய விடாதே. டிவியை அணைத்துவிட்டு, மாமியார் தூங்கிய பிறகு, எதற்குப் பயப்படுகிறாய் என்று நேராகக் கேள். பதில் தேர்தலாக இருக்காது என்று நினைக்கிறேன். தனியாகச் சாப்பிடுவதாக இருக்கலாம், மகள் வயதுக்கு வரும் சமயத்தில் நீ பக்கத்தில் இல்லாமல் போவதாக இருக்கலாம். அதையெல்லாம் பேசி ஏற்பாடு செய்ய முடியும்.

ஒரு விஷயத்தை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. ஐ.நா. ஊழியர்கள் ஓட்டுப் போடலாம், ஆனால் தங்கள் நடுநிலைமைக்குப் பொருந்தாத அரசியல் வேலையில் இறங்கக் கூடாது. ஆகவே நீ லீவில் வந்திருந்தாலும் அவருடைய பிரசார மேடையில் ஏறுவது சரிப்படாது. கட்சிக்காரர்கள் இதைத் தேர்தல் சமயத்தில் கண்டுபிடித்துக் கூச்சல் போடுவதைவிட இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

மகளிடமும் கேள், அவளுக்குப் பன்னிரண்டு வயது, பேசத் தெரியும். உன்னோடு வந்து அங்கே படிக்கிறாளா, இல்லை அப்பாவோடும் பாட்டியோடும் இருக்கிறாளா என்று. நைரோபி நமக்கு ஒரு மணி நேரம்தான் முன்னால், அவள் வீட்டுப்பாடம் செய்யும் நேரத்தில் நீ போனில் கூட இருக்கலாம். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து விமானத்தில் ஏறினால் நாலு மணி நேரப் பயணம்.

மாமியார் அழுவது உன்மேல் உள்ள கோபத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை அண்டாவுக்குப் பக்கத்தில் மருமகள் நிற்க வேண்டும், அதுதான் அவருக்கு. வேலையில் சேரும்போதே அந்த வாரத்துக்கு லீவு கேட்டு வாங்கு. வாங்கியதும் தேதியை மகனிடம் சொல்லி அனுப்பாமல் நீயே போய் மாமியாரிடம் சொல்.