குழந்தையைப் பிரிக்கும் முன் கேட்க வேண்டியவை: மாற்றுத்திறனாளிக் குடும்பங்களும் குழந்தைகள் நலக் குழுவும் – கேள்வி பதில்

சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்து, பிறகு தமிழ்நாட்டின் ஒரு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராகப் பணியாற்றியவள் நான். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் எங்கே, யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இந்தக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் இதற்கு உண்டு. அதனால்தான் பலர் பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நானும் கணவரும் முழுப் பார்வையற்றவர்கள். எட்டு மாத மகள் தவழத் தொடங்கிவிட்டாள். "1098க்குப் போன் போட்டால் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் மிரட்டுகிறார். அப்படி எடுத்துச் செல்ல முடியுமா அக்கா?

பார்வை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முடியாது தங்கச்சி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007இல் இணைந்தது. குழந்தையின் குறைபாட்டையோ பெற்றோரின் குறைபாட்டையோ காரணம் காட்டி எந்தச் சூழ்நிலையிலும் அவர்களைப் பிரிக்கக் கூடாது என்று அதன் 23ஆவது பிரிவு சொல்கிறது. நம் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பராமரிக்க இயலாத பெற்றோர் என்ற நிலையைக் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால் அதை விசாரித்து முடிவு செய்ய வேண்டியது குழு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் வேலை இல்லை.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் போனால் ஒருவர் வந்து பார்ப்பார், அது அவர் கடமை. கதவைத் திறந்து, நீங்கள் வளர்க்கும் விதத்தைக் காட்டுங்கள். சலங்கை நிறைந்த கொலுசு போட்டுவிட்டு, ஓசையை வைத்தே குழந்தை எந்த அறையில் இருக்கிறது என்று சொன்ன பார்வையற்ற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். இடது கைச் சுட்டுவிரலைக் குழந்தையின் மோவாயில் வைத்துக்கொண்டு, சிந்தாமல் கஞ்சி ஊட்டுவார்கள். வந்தவர் இதையெல்லாம் அறிக்கையில் எழுத வேண்டும் என்று கேளுங்கள். எழுதாமல் விட்டால் குழுவுக்குத் தெரிய வழியில்லை.

என் மகனுக்கு 13 வயது, தீவிர ஆட்டிசம். கணவர் விட்டுச் சென்றுவிட்டார். இரவில் அவன் தூங்குவதில்லை, என்னை அடிக்கிறான், வேலைக்கும் போக முடியவில்லை. குழுவிடம் ஒப்படைத்து ஹோமில் சேர்த்துவிடலாம் என்று இருக்கிறேன். இது பாவமா?

பாவம் இல்லை அம்மா. ஆள் துணை இல்லாமல் ஒருவர் எத்தனை இரவுதான் விழித்திருக்க முடியும்? பெற்றோரின் கைமீறிய சூழலால் குழந்தையைக் கைவிட நேர்ந்தால் அதை வேண்டுமென்றே செய்த குற்றமாகக் கருதக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

ஆனாலும் குழுவின் முன் நீங்கள் உட்காரும்போது, "எந்த ஹோம்?" என்பதற்கு முன்னால் "இந்த வீட்டில் என்ன உதவி இல்லை?" என்ற கேள்வி எழ வேண்டும். பெரும்பாலும் அது எழுவதில்லை. அதில்தான் எனக்குக் கோபம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 9ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். குறைபாட்டைக் காரணமாக வைத்து ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க, குழந்தையின் நலன் கருதித் தகுதியுள்ள நீதிமன்றம் ஆணையிட வேண்டும். பெற்றோரால் முடியாவிட்டால் முதலில் நெருங்கிய உறவினர், அதுவும் இல்லையென்றால் ஊருக்குள்ளேயே ஒரு குடும்பச் சூழல். இல்லம் என்பது விதிவிலக்கான நிலையில் மட்டும். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

உங்கள் விஷயத்தில் முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தூக்கப் பிரச்சினை மிகச் சாதாரணம், சிகிச்சையும் உண்டு. பேசத் தெரியாத பையன் திடீரென்று அடிக்கத் தொடங்கினால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலியைச் சொல்ல அவனுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் சென்று தூக்கத்தைப் பற்றியும் வலியைப் பற்றியும் கேளுங்கள்.

அடுத்தது பணம். அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கணவர் கைவிட்ட தாயின் குழந்தை என்ற வகையில், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்க்கும் மனு கொடுங்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். மனு செல்ல வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், தெரபிக் கட்டணம் உட்பட. பகல் நேரத்துக்குச் சிறப்புப் பள்ளியோ, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரோ ஏற்பாடானால் நீங்கள் வேலைக்குப் போக முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் இல்லம்தான் என்றால், பதிவு பெற்ற இல்லமா என்று சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். எப்போது வந்து பார்க்கலாம், எப்போது வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்பதைக் குழுவின் ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

என் அண்ணனும் அண்ணியும் செவித்திறன் குறையுடையவர்கள். குழு விசாரணையில் அவர்களுடைய ஒன்பது வயது மகளையே சைகையில் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். இது சரியா?

சரியில்லை. அந்த அறையை நினைத்துப் பாருங்கள். "அப்பா உன்னை அடிப்பாரா?" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அவள் தன் கைகளாலேயே அப்பாவிடம் சொல்லி, அவருடைய முகம் மாறுவதைப் பார்த்து, பதிலை அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னாலும் அவளுக்கு வேதனை, மறைத்தாலும் வேதனை. அப்படிப் பெற்ற வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு?

அடுத்த அமர்வுக்கு முன்பே, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குழுத் தலைவருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்புங்கள். 2016 சட்டத்தின் 12ஆவது பிரிவு நீதி அமைப்புகளை அணுகும் உரிமையைத் தருகிறது, அதைக் குறிப்பிடுங்கள். செவித்திறன் குறையுடையோர் பள்ளி ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்வது பெரிய காரியம் இல்லை. மனுவைக் கண்டுகொள்ளாவிட்டால் ஆட்சியரிடம் செல்லுங்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு குழுவின் செயல்பாடு பற்றிய குறைகளைக் கேட்கும் அதிகாரி அவர்தான்.

என் மகளுக்கு லேசான அறிவுசார் குறைபாடு. மருமகன் பிரிந்துவிட்டார். போன வாரம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. "இவளால் வளர்க்க முடியாது, தத்துக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று மருத்துவமனையில் காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. குழந்தையை ஒப்படைப்பது மருத்துவமனையில் நடக்கிற காரியம் இல்லை. குழுவின் முன்புதான், விசாரணையும் ஆலோசனையும் முடிந்த பிறகுதான் நடக்கும். அதன் பிறகும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 38ஆவது பிரிவில், மனவளர்ச்சி குன்றிய பெற்றோரின் குழந்தையை உரிய நடைமுறைப்படி தத்துக்குத் தகுதியானதாக அறிவிக்கக் குழுவுக்கு அதிகாரம் தரும் ஒரு வரி இருக்கிறது. அதை வைத்துத்தான் சிலர் அவசரப்படுத்துகிறார்கள். வளர்க்க விரும்பும் தாயிடமிருந்து குழந்தையை எடுத்தே ஆக வேண்டும் என்று அந்த வரி சொல்லவில்லை.

2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, இதே குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றாள். உச்ச நீதிமன்றம் அவள் விருப்பத்தை மதித்தது. லேசான குறைபாடு உள்ளவர்களும் நல்ல பெற்றோராக இருக்க முடியும் என்பதையும் ஏற்றுக்கொண்டது.

உங்கள் மகளுக்குச் செய்து காட்டிக் கற்றுக்கொடுங்கள், நீளமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். காய்ச்சல் மருந்தின் அளவுக் குழாயில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். காலண்டரில் தடுப்பூசி நாளன்று ஊசிப் படம் வரையுங்கள். குளிப்பாட்டும் வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வந்து போகட்டும். குழு விசாரித்தால் இந்த ஏற்பாட்டையெல்லாம் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிப் பெண்கள் தங்கள் குழந்தைகளை வளர்க்க அரசு ஆதரவு தர வேண்டும் என்று 2016 சட்டத்தின் 24ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

பிரசவத்துக்குப் பின் கடும் மனநோய் வந்து என் தங்கையை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். கைக்குழந்தை அவளோடு இருக்கலாமா?

இருக்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் உள்ள தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. குழந்தைக்கு ஆபத்து இருப்பதாக மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மருத்துவமனைப் பணியாளர் அல்லது குடும்பத்தினரின் மேற்பார்வையில், குழந்தையைப் பார்க்கும் வசதியைத் தாய்க்குத் தர வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30 நாளைத் தாண்டினால் மேல் அனுமதி வேண்டும். தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு நீங்களே கேளுங்கள், அவர்கள் மறந்துவிடக்கூடும்.

போலியோவால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். வயது 42, திருமணம் ஆகவில்லை. தத்தெடுக்க முடியுமா மேடம்?

முடியும். மாற்றுத்திறனாளி என்பது மட்டுமே தடை இல்லை. தனித்து வாழும் பெண் ஆண் குழந்தையையும் எடுக்கலாம், பெண் குழந்தையையும் எடுக்கலாம். 2022 விதிகளின்படி 40 வயதுக்கு மேல் என்பதால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடைக்காது. 45 வரை, இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்குப் பதிவு செய்யலாம். தாமதிக்காதீர்கள்.

நான் ஓர் இல்லத்தின் பணியாளர். மூளை முடக்குவாதம் உள்ள பையனுக்கு அடுத்த ஆண்டு 18 வயது முடிகிறது. பேச்சு தெளிவில்லை, ஆனால் எல்லாம் புரியும். அவனுக்குக் காப்பாளர் நியமிக்கச் சொல்கிறார்கள்.

தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ், ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு சட்டக் காப்பாளரை நியமிக்கும். மூளை முடக்குவாதம் அந்தச் சட்டத்துக்குள் வரும். அதற்காக எல்லோருக்கும் காப்பாளர் வேண்டும் என்று பொருள் இல்லை. பேச்சு தெளிவில்லாததை அறிவு தெளிவில்லாததாக எடுத்துக்கொள்வது பழைய அநியாயம். பட அட்டையோ எழுத்துப் பலகையோ கொடுத்து, எங்கே வாழ விரும்புகிறான், யார் கையெழுத்தை நம்புகிறான் என்று அவனிடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள். கையெழுத்துக்குப் பதில் கைரேகை வைத்தால் போதும் என்ற நிலையில் உள்ளவனுக்குக் காப்பாளரைத் திணிக்காதீர்கள்.

18 முடியும் நாளன்று வாசலில் நிறுத்திவிட வேண்டியதும் இல்லை. இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்குத் தரும் உதவியான பிற்காப்பு 21 வயது வரை உண்டு. ஆதார், தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அவன் பெயரில் வங்கிக் கணக்கு மூன்றையும் இந்த ஆண்டே முடித்துவிட்டு, பிற்காப்பு மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.