மாத்திரையை நிறுத்தி மூன்று வாரமாகியும் அரிப்பும் கருந்தடமும் போகாதது ஏன்?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். வயது 43. பல்லில் சீழ் வைத்ததற்காக அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த ஆன்டிபயாடிக்கை ஐந்து நாளும், கூடவே ஒரு வலி மாத்திரையும் சாப்பிட்டேன். ஏழாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு கிளம்பிக் கைகால் வரை பரவியது. டாக்டர் மருந்து ஒவ்வாமை என்று சொல்லி செட்டிரிசின் கொடுத்தார். மூன்று வாரம் ஆகிவிட்டது. சிவப்பு போய்விட்டாலும் தோல் உரிகிறது, இரவில் அரிக்கிறது, கருந்தடங்கள் இருக்கின்றன. இடது மணிக்கட்டில் ரூபாய் நாணயம் அளவில் உள்ள ஒரு தடம் மட்டும், சென்ற வாரம் இடுப்புவலிக்கு மாத்திரை போட்ட அன்றிரவே எரிந்து மறுபடி சிவந்தது. மெடிக்கல் கடையில் கொடுத்த ட்யூபைத் தடவினால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. மீன், கருவாடு, கத்திரிக்காய் எல்லாம் நிறுத்திவிட்டேன். மருந்தின் விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறதா? அடுத்து காய்ச்சல் வந்தால் எதைச் சாப்பிடுவது?

பதில்: விஷம் பற்றிய அச்சத்தை முதலில் விட்டுவிடலாம். அமாக்சிசிலின் உடலில் நெடுநேரம் தங்கும் மருந்தல்ல. சிறுநீரகம் சரியாக இயங்குபவருக்குக் கடைசி மாத்திரை விழுங்கிய ஒரு நாளுக்குள் ஏறத்தாழ முழுவதும் வெளியேறிவிடும். ஆகவே அதை இறக்குவதற்கென்று பேதி மருந்தோ கஷாயமோ வேண்டியதில்லை. இவ்வகைத் தடிப்பு பொதுவாக முதல் மாத்திரையிலிருந்து நான்காம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் தொடங்குவதால், மருந்து ஐந்தாம் நாளிலேயே முடிந்தும் ஏழாம் நாளில் உங்களுக்கு வந்ததில் வியப்பில்லை. மருந்தை நிறுத்தியபின் ஓரிரு வாரங்களில் சிவப்பு தணியும். அதன்பின் மேல்தோல் தவிடுபோல் உதிரும். அடியில் உள்ள புதுத்தோல் வறண்டிருக்கும் வரை அரிப்பும் நீடிக்கும். கருந்தடம் மட்டும் தனிக் கதை. மாநிறம், கருநிறத் தோலில் அழற்சி நடந்த இடத்து நிறமிகள் உள்ளடுக்கில் இறங்கிப் படிந்துவிடுகின்றன; அவை கரைய மாதக்கணக்கில் ஆகும். வெயில் பட்டால் மேலும் கருக்கும் என்பதால், கையை மூடும் பருத்தி ஆடையும் சன்ஸ்கிரீனும் பயன்தரும். வெளுப்பாக்கும் களிம்புகளில் இப்போது பணத்தைப் போடாதீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த மணிக்கட்டுத் தடம்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. மாத்திரை போட்ட அன்றிரவே, பழைய இடத்திலேயே, வட்டமாக ஒரு தடம் எரிந்து சிவக்கிறதென்றால், அது பெரும்பாலும் நிலைத்தட மருந்து ஒவ்வாமை என்று தோல் மருத்துவர்கள் கூறும் தனி வகையாக இருக்கும். இதில் மருந்தை அடையாளம் கண்டுகொண்ட டி-செல்கள் எனும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்த இடத்துத் தோலிலேயே தங்கிவிடுகின்றன. அதே மருந்து மீண்டும் உள்ளே வரும்போது அரை மணி நேரத்திலோ சில மணி நேரத்திலோ அங்கேயே விழித்துக்கொள்கின்றன. உதடு, கை, பிறப்புறுப்பு ஆகியவை இதற்கு வழக்கமான இடங்கள். வலி மாத்திரைகள், சல்ஃபா மருந்துகள், டெட்ராசைக்ளின் வகை, வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் டினிடசோல், மெட்ரோனிடசோல் போன்றவை இதை உண்டாக்குவதில் பேர்போனவை. பாரசிட்டமாலும் இதைச் செய்வதுண்டு. எனவே உங்கள் உடலில் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் நடந்திருக்கக்கூடும்: பரவலான தடிப்புக்கு ஆன்டிபயாடிக் காரணமாகவும், மணிக்கட்டுத் தடத்துக்கு வலி மாத்திரை காரணமாகவும் இருக்கலாம். எல்லாப் பழியையும் ஆன்டிபயாடிக்கின் மேல் போட்டுவிட்டு வலி மாத்திரையைத் தொடர்ந்தால், அந்தத் தடம் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்; காலப்போக்கில் எண்ணிக்கை கூடும்; சிலருக்குக் கொப்புளமாகவும் மாறும்.

ஆகவே பல்வலிக்கும் இடுப்புவலிக்கும் எடுத்த மாத்திரைகளின் அட்டைகளைத் தேடி எடுங்கள். முன்பக்கத்துப் பெயரைப் பார்த்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள உட்பொருள்களைத்தான் ஒப்பிட வேண்டும். நம் நாட்டில் விற்கும் வலி மாத்திரைகள் பலவற்றில் அசெக்ளோஃபெனாக், பாரசிட்டமால், செராஷியோபெப்டிடேஸ் என்று இரண்டு மூன்று பொருள்கள் ஒன்றாக இருக்கும். இரு அட்டைகளிலும் பொதுவாக உள்ள பொருளே முதல் சந்தேகத்துக்குரியது. உறுதிப்படுத்திக்கொள்வோம் என்று வீட்டில் ஒரு மாத்திரையைப் போட்டுப் பார்ப்பது கூடவே கூடாது.

அட்டைகளையும், தடிப்பு உச்சத்தில் இருந்தபோது எடுத்த படங்களையும், எந்த மாத்திரை எந்தத் தேதியில் என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். தனியாரிடம் செலவு கட்டுப்படியாகாதென்றால், உங்களுக்கு அருகில் சயான் மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது; காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் எடுத்துவிட்டால் காத்திருப்பு சற்றுக் குறையும். தடம் உள்ள இடத்திலேயே மருந்தை வைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை சிலருக்குத் துப்புக் கொடுக்கும். அதைத் தோல் முழுவதும் அடங்கிச் சில வாரங்கள் கழித்தே செய்வார்கள். ஆய்வுக்கூடங்கள் ஒரே ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு ஒவ்வாமை பார்த்துத் தருவதாகச் சொல்லும் சோதனைகள் வேறு வகை ஒவ்வாமைக்கானவை. நாள் தாழ்ந்து வரும் இத்தகைய மருந்துத் தடிப்பில் அவை எதையும் சொல்லாது. அதைவிடத் தட்டணுக்கள், ஈசினோஃபில் எனும் வெள்ளையணு வகை உள்ளிட்ட சாதாரண ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் இப்போது ஒருமுறை பார்ப்பது பொருத்தம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் காய்ச்சல், முக வீக்கம், கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டுதல், கண் மஞ்சளித்தல் ஆகியவற்றோடு தடிப்பு திரும்பினால், உள்ளுறுப்புகளையும் பாதிக்கும் கடுமையான மருந்து எதிர்வினையாக அது இருக்கலாம். அதேபோல வாயிலும் கண்ணிலும் புண், தோலில் அரிப்பைவிட வலி, கொப்புளம், தோல் தாள்தாளாகக் கழலுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வெளிநோயாளி வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

ட்யூபை உடனே காட்டுங்கள். தடவினால் அடங்கி, விட்டால் திரும்பும் களிம்பு பெரும்பாலும் க்ளோபெடசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், ஆன்டிபயாடிக்கும் கலந்ததாகவே இருக்கும். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருந்துச்சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டுமென்று 2018 இல் மத்திய அரசு விதித்தது. ஆனாலும் அவை கேட்டவுடன் கிடைக்கின்றன. நாள்கணக்கின்றித் தடவினால் தோல் மெலியும். மும்பையின் ஈரக்காற்றில் படர்தாமரை உருமாறிப் பரவும். ஸ்டீராய்டு தேவைப்படலாம், ஆனால் எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதுவரை வெந்நீரைத் தவிர்த்து இளஞ்சூட்டில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் முழுவதும் காயுமுன் தேங்காய் எண்ணெயோ மணமற்ற மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். அரிப்புக்கு இதுதான் பாதி மருந்து. கேலமைன் லோஷன் வறண்ட தோலை மேலும் வறட்டும். மஞ்சள், எலுமிச்சை, வேப்பிலை அரைப்பு ஆகியவை உரியும் தோலில் எரிச்சலைத்தான் கூட்டும். செட்டிரிசினை மருத்துவர் சொன்ன அளவில் இரவில் எடுத்துக்கொள்ளலாம். அது தூக்கத்தையும் தரும்.

மீனும் கத்திரிக்காயும் உங்களை ஒன்றும் செய்யவில்லை. அவற்றைச் சாப்பிட்டபோது முன்பு அரித்ததில்லை என்றால் பத்தியத்தை இன்றே முடித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் பற்றிக் கேட்டீர்கள். வழக்கமாகப் பாரசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் இரு அட்டைகளிலும் அது இருந்தால், மருத்துவர் முடிவு செய்யும் வரை அதையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. அமாக்சிசிலினையும் அதன் குடும்பத்து ஆம்பிசிலின் போன்றவற்றையும் இப்போதைக்குத் தவிர்க்க வேண்டும். செஃபலெக்சின், செஃபாட்ராக்ஸில் ஆகியவை அவற்றோடு அமைப்பில் ஒத்திருப்பதால் அவற்றையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய மருந்துகளின் வேதிப்பெயர், வந்த விளைவு, தேதி ஆகியவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலும் படமாக இருக்கட்டும். பக்கவிளைவை நோயாளியே அரசுக்குத் தெரிவிக்கவும் வழி உண்டு: காசியாபாத்திலுள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.

இன்னொன்று. சீழ் வைத்த அந்தப் பல்லின் சிகிச்சை முடிந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பாதியில் நிற்கிறதென்றால், அடுத்த முறை நாற்காலியில் அமருமுன் அந்தத் தாளைப் பல் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். வேறு குடும்பத்து ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றன, அவர் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.