தங்கை எதைப் பார்த்து வரைகிறாள்?

கேள்வி: பி.எஸ்சி. உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல் இதில் சேர்ந்தேன். எல்லாமே மனப்பாடம்தான். செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் பரீட்சையில் பாதியில் மறந்துவிடுகிறது. பிராக்டிகல் பிரச்சினை இல்லை. ரெக்கார்டுக்குப் படமெல்லாம் பத்தாவது படிக்கும் தங்கை அழகாக வரைந்து தந்துவிடுவாள். எனக்கு உயிரியல் ஒத்துவரவில்லை என்று தோன்றுகிறது. வேறு படிப்புக்கு மாறலாமா? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பதில்: தம்பி, மருத்துவம் கிடைக்காமல் உயிரியலில் சேர்ந்தவர்களின் கடிதம் எனக்கு வருஷம் தவறாமல் வருகிறது. ஆறுதல் சொல்ல வீட்டில் ஆள் இருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். போகிறபோக்கில் தங்கையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அவள் எதைப் பார்த்து வரைகிறாள்? லேபில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவன் நீ. அவள் முன்னால் இருப்பது உன் புத்தகம், இல்லையென்றால் சீனியர் யாராவது கொடுத்த பழைய ரெக்கார்டு. அதைப் பார்த்து வரைந்ததற்கு மேலே ‘அப்சர்வேஷன்’ என்று தலைப்பு வேறு போட்டிருப்பாய்!

வெங்காய வேர் நுனி ஸ்லைடு செய்திருப்பாயே, அந்தப் பக்கத்தைத் திறந்து பார். செல்லெல்லாம் வட்டமாக இருந்து, செல் பிரியும் கட்டங்களான புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் நாலும் வரிசையாக நின்றால் அது புத்தகத்துப் படம். வேர் நுனியைச் சாயத்தில் சூடாக்கி, கவர் கிளாஸ் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி, நீயே குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: செல்கள் ஏறக்குறையச் செவ்வகமாக இருக்கும். அதில் பெரும்பாலானவை பிரியாமல் இன்டர்ஃபேஸில்தான் இருக்கும். ஒரு நல்ல அனாஃபேஸ் கண்ணில் பட ஸ்லைடை மெல்ல நகர்த்தித் தேட வேண்டும். வெங்காயத்தின் குரோமோசோம் 16 என்று பரீட்சையில் எழுதிவிடலாம். மெட்டாஃபேஸில் அவை ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதைப் பார்த்து எண்ண முயன்றவனுக்குத்தான், அந்த எண்ணைக் கண்டுபிடிக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று புரியும். ஒத்துவரவில்லை என்கிறாய். நீ இன்னும் உயிரியலைப் பார்க்கவே இல்லையே, தம்பி!

‘எனக்கு வரைய வராது’ என்று சொல்லாதே. உன்னிடம் யாரும் ஓவியம் கேட்கவில்லை. ஷேடிங் இல்லாத தெளிவான கோடு, சரியான அளவு, ஒன்றையொன்று வெட்டாத லேபிள் கோடு, அவ்வளவுதான்.

ஸ்பெயினில் ரமோன் இ காஹல் என்று ஒருவர் இருந்தார். ஓவியனாக வேண்டும் என்பது அவர் ஆசை. மருத்துவரான அப்பா விடவில்லை, எலும்புகளை எடுத்து வைத்து உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார். மகன் அந்த எலும்புகளை வரைந்தே படித்தான். பின்னாளில், 1873இல் இத்தாலிய விஞ்ஞானி கோல்ஜி வெளியிட்ட வெள்ளிச் சாயமுறையையே எடுத்துக்கொண்டு நரம்புத் திசுவைப் பார்த்தார். கோல்ஜிக்கு ஒரே வலையாகத் தெரிந்தது, காஹலுக்குத் தனித்தனிச் செல்களாகத் தெரிந்தது. பார்த்ததை வரைந்தும் காட்டினார். 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது. நீ படிக்கும் புத்தகத்தில் இருப்பது காஹல் சொன்னதுதான். (அப்பாவின் கண்டிப்பு முழுக்க வீண்போகாது என்பது என் கட்சி. உனக்குக் கசக்கும், பரவாயில்லை.)

கிரெப்ஸ் சுழற்சியிலும் இதே கோளாறுதான். பெயர்களை ஒப்பிக்காதே, கணக்குப்பிள்ளை வரவுசெலவு பார்ப்பதுபோல் கார்பனை எண்ணு. இரண்டு கார்பன் அசிட்டைல் கோஏ-விலிருந்து வருகிறது, நாலு கார்பன் ஆக்சலோஅசிட்டேட்டில் இருக்கிறது, சேர்ந்தால் ஆறு, அது சிட்ரேட். வழியில் இரண்டு கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் மிச்சம் நாலு. அந்த நாலு மறுபடி ஆக்சலோஅசிட்டேட் ஆனால்தான் அடுத்த சுற்று. பாதியில் மறந்தாலும் இந்தக் கணக்கு உன்னைத் தொடர்ந்து எழுத வைக்கும்.

இப்போது தங்கை. பத்தாவது படிக்கிறாள், அவளுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. அவளுடைய மாலைப்பொழுது உன் ரெக்கார்டில் போகிறது, அது உனக்கு உறுத்தவே இல்லை! ‘வரைந்து தந்துவிடுவாள்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். இதுவே தம்பியாக இருந்தால் கேட்டிருப்பாயா? மூத்தவன் இளையவளுக்குச் செய்ய வேண்டும், வாங்கிக்கொள்ளக் கூடாது. இன்றே அந்த நோட்டைத் திருப்பி வாங்கு. அவளுக்கு அறிவியலில் என்ன சந்தேகம் என்று கேட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடு. மைட்டோசிஸை, அதாவது அந்தச் செல் பிரிதலை, அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை என்றால் உனக்கும் புரியவில்லை என்று வைத்துக்கொள்.

அப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு செமஸ்டர் முழுக்க ஸ்லைடை நீயே பார்த்து, நீயே வரை. அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாறு. அப்பாவிடம் நேரில் சொல், அம்மாவையோ தங்கையையோ தூது விடாதே.