கடல் கயாக்கில் தனிப் பயணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கரையோரமாகக் கடல் கயாக்கில் (உட்கார்ந்தபடி துடுப்பு போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகில்) போய்வர ஆசைப்படுகிறவர்கள், அதிலும் பெரிய குழுவோடு சேராமல் தங்களுக்கு மட்டும் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு போக நினைப்பவர்கள், சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் வழிகாட்டி வேலை பார்ப்பவன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா அண்ணா?

வரலாம். ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், கரைக்கு வந்தபிறகு சொல்லாதீர்கள். லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்கவைத்துவிடும். முகத்தில் தண்ணீர் அடித்தால் பதறுவீர்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மார்பளவு தண்ணீரில் மல்லாந்து படுங்கள். காதுக்குள் தண்ணீர் போகட்டும், ஒன்றிரண்டு சிற்றலை முகத்தில் ஏறட்டும். மூச்சு சீராக இருந்தால் கிளம்பலாம். அப்புறம், ஜாக்கெட்டின் வார்களை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

குழுவோடு போனால் செலவு குறைவு. தனிப் பயணத்தில் அப்படி என்ன லாபம்?

வேகம் உங்களுடையதாக இருக்கும், அதுதான் பெரிய லாபம். பத்துப் பேர் போகும்போது வேகமானவர்கள் முன்னால் காத்திருப்பார்கள், மெதுவானவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்படுகிறவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. தனியாகப் போனால் ஒரு பாறை இடுக்கில் அரை மணி நேரம் நின்று பறவை பார்க்கலாம், முடியவில்லை என்றால் பாதியில் திரும்பலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தனிப் பயணத்தில் பெரும்பாலும் வழிகாட்டி ஒருவர்தான். அவருக்கே தோள் பிசகிவிட்டால்? கிளம்புமுன் இதைக் கேளுங்கள். நல்ல வழிகாட்டி கோபப்பட மாட்டார். தன் விஎச்எஃப் ரேடியோ (கடலில் உதவி கேட்கப் பயன்படும் கையடக்க வானொலி) எங்கே இருக்கிறது, 16ஆம் சேனலில் எப்படி உதவி கேட்பது என்று உங்களுக்கே காட்டித்தருவார். அந்த ரேடியோ அவர் ஜாக்கெட்டில் மாட்டியிருக்க வேண்டும். படகின் மூடிய அறைக்குள் இருந்தால் தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாது.

நல்ல வழிகாட்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் எல்லோருக்குமே நல்ல மதிப்பெண்தான் இருக்கிறது.

சான்றிதழைக் கேளுங்கள், முதலுதவிப் பயிற்சி கடைசியாக எப்போது எடுத்தார் என்று கேளுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று: "எந்த நிலைமையில் பயணத்தை ரத்து செய்வீர்கள்?" காற்றின் வேகம் இவ்வளவு, இந்தத் திசை, அலை இவ்வளவு உயரம் என்று தயங்காமல் சொல்கிறவரை நம்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பவரை விட்டுவிடுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர் தங்கள் ஆசிரியரோடும் இரண்டு பயிற்றுநர்களோடும் கயாக்கில் கிளம்பினார்கள். காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது, படகுகள் கவிழ்ந்தன, உதவி வந்து சேரப் பல மணி நேரம் ஆனது. நான்கு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தப் பயிற்சி மையத்தை நடத்திய நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995இல் அந்த நாட்டில் இளையோருக்கான சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று தனிச் சட்டமே வந்தது. அந்தப் பிள்ளைகளும் உங்களைப் போலக் கரையோரமாகப் போய்வரத்தான் கிளம்பினார்கள். வழிகாட்டிக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல், "இன்று வேண்டாம்" என்று சொல்லும் அவருடைய துணிவுக்குத்தான் போகிறது.

வானிலைச் செயலியில் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் என்றிருக்கிறது. போகலாமா?

திசையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொன்னால் பதில் சொல்ல முடியாது. கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் 15 கிலோமீட்டர் காற்று உங்களை நனைக்கும், களைப்பாக்கும், கடைசியில் கரையில்தான் கொண்டுவந்து சேர்க்கும். அதே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் விஷயமே வேறு. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், ஏனென்றால் நிலம் காற்றை மறைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மறைவைத் தாண்டியதும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் தெரியும், துடுப்பு போட்டுக்கொண்டே இருக்கிறோம், கரை மட்டும் கிட்ட வரவில்லை என்று. புதியவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் இந்தக் காற்றுதான்.

பொதுவாகக் காலையில் கிளம்புவது நல்லது. வெயில் ஏற ஏறக் கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகிறது, சூடான காற்று மேலெழும்ப, கடல் காற்று அந்த இடத்துக்கு வருகிறது. அதனால்தான் பல கரைகளில் மதியத்துக்கு மேல் காற்று பலக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால் அலைமுகட்டில் வெள்ளை நுரை அங்கங்கே தெரிய ஆரம்பிக்கும். முதல்முறை வருபவரோடு அதற்குமேல் நான் போவதில்லை.

படகு கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. இடுப்பைச் சுற்றி ஒரு துணி வேறு கட்டுகிறார்கள்.

நிறையப் பேருக்கு இருக்கும் பயம் இது. அந்த ஸ்ப்ரே ஸ்கர்ட் உங்களைக் கட்டிப்போடுவதற்கு இல்லை, தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதற்கு. அதன் முன்பக்கம் ஒரு வளையம் இருக்கும். ஒவ்வொரு முறை மாட்டியபின்னும் அந்த வளையம் வெளியே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே மடங்கிப்போயிருந்தால் கிளம்பவே கூடாது.

கவிழ்ந்தால் முதலில் முன்னால் குனிய வேண்டும், மூக்கு படகின் மேல்தளத்தைத் தொடுகிற அளவுக்கு. விளிம்போடு கையை ஓட்டி வளையத்தைப் பிடித்து, முன்பக்கமாகத் தள்ளி இழுங்கள். ஸ்கர்ட் கழன்றுவிடும். பிறகு இரண்டு கையையும் இடுப்பின் பக்கத்தில் ஊன்றித் தள்ளினால் கால்சட்டையைக் கழற்றுவதுபோலப் படகு உங்களைவிட்டுக் கழன்றுகொள்ளும். சில நொடிகளில் முடிந்துவிடும். வெளியே வந்ததும் படகையும் துடுப்பையும் விட்டுவிடாதீர்கள்.

மீதியை வழிகாட்டி பார்த்துக்கொள்வார். உங்கள் படகின் மூக்கைத் தன் படகின்மேல் இழுத்துப் போட்டுத் தண்ணீரை வடியவிட்டு, நிமிர்த்திப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நீங்கள் பின்பக்கமாக வயிற்றால் ஏறி, தாழ்வாகவே நகர்ந்து, கால்களை உள்ளே விட்டு உட்கார வேண்டியதுதான். இதைக் கிளம்புமுன் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள், நீங்களும் செய்யுங்கள். ஒருமுறை கவிழ்ந்து எழுந்தவரின் தோள் தானாகத் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சுற்றிலும் என்ன இருக்கிறது என்றே கண்ணில் படும்.

நானும் கணவரும் ஒரே படகில் போகலாமா, தனித்தனியாகவா?

உங்களில் ஒருவருக்குப் பயமோ உடல் பலக்குறைவோ இருந்தால் இருவர் படகு நல்லது. அகலம் அதிகம், ஆட்டம் குறைவு. முன்னால் இருப்பவர்தான் துடுப்பின் தாளத்தைத் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் இருப்பவரால்தான் மற்றவரைப் பார்க்க முடியும். சுக்கானைக் காலால் திருப்பும் வேலையும் பின்னால் இருப்பவருக்குத்தான். படகை உணர்ந்து ஓட்டவேண்டும் என்ற ஆசை இருந்தால் தனிப்படகு எடுங்கள்.

கை வலிக்காதா?

கையால் இழுத்தால் வலிக்கும். உடம்பைத் திருப்பி இழுங்கள். இடதுபக்கம் துடுப்பு போடும்போது இடது காலால் உள்ளே இருக்கும் மிதியை அழுத்துங்கள், இடுப்பு தானாகத் திரும்பும். விரல்களை இறுக்க வேண்டாம். புதியவர்கள் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம்.

பாறைக் குகைகளுக்குள் போகவேண்டும் என்பது என் கனவு. எப்போது போகலாம்?

அருமையான கனவு, ஆனால் குகை விஷயத்தில் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்யும். கடல்மட்டம் உயரும் ஏற்றத்துக்கும் தாழும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம் என்றால், முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு தண்ணீர் நகரும், அடுத்ததில் இரண்டு பங்கு, நடு இரண்டு மணியிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் ஓடிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் வேகம். குகை பார்க்க வேண்டுமானால் அவற்றுக்கு ஒரு வாரம் தள்ளித் தேதி கேளுங்கள்.

குகை வாயிலில் உடனே நுழையக் கூடாது. வெளியே நின்று சில நிமிடம் பார்க்க வேண்டும், பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும். செங்குத்தான பாறையில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு சேர்ந்து தண்ணீரை நேர்மேலாகக் குதிக்கவைக்கும். அதனால் பாறைச்சுவருக்குச் சற்றுத் தள்ளியே போவோம். தலைக்கவசம் இல்லாமல் யாராவது உள்ளே கூட்டிப்போனால் மறுத்துவிடுங்கள்.

என்ன உடை போடுவது?

வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் நிற்காது. இன்னும் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காமல் போய்விடும். அப்படிப்பட்ட கடலில் வெட்சூட் (குளிரைத் தடுக்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) இல்லாமல் போகக் கூடாது. வெதுவெதுப்பான கடலில் நீண்ட கை வைத்த, சீக்கிரம் உலரும் சட்டை போதும். பருத்தி எங்கேயும் வேண்டாம்.

கடல்நாய்கள், பறவைக் கூடுகள் பக்கத்தில் போகலாமா?

எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பினால் ஏற்கனவே அதிகமாகக் கிட்டப் போய்விட்டீர்கள். சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். குட்டிகள் இருக்கும் பருவத்தில் அந்தப் பாறைப்பக்கமே வேண்டாம்.

எங்கள் பயணத்தை அன்று காலையில் ரத்து செய்துவிட்டார்கள். வானம் தெளிவாகத்தான் இருந்தது. பணம் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். வழிகாட்டியே ரத்து செய்தால் வேறு தேதி அல்லது முழுப் பணம் என்பதுதான் நியாயம், பதிவு செய்யும்போதே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆனால் அவர்மேல் கோபம் வேண்டாம். தெளிந்த வானத்தின் கீழும், வெகு தூரத்துப் புயல் கிளப்பிவிட்ட பேரலைகள் கரைக்கு வந்து சேரும். கரையேறும் இடத்தில் அவை உடையும்போது படகையும் ஆளையும் சேர்த்தே புரட்டிவிடும். அந்த வழிகாட்டியிடமே வேறு தேதி கேளுங்கள்.