விஞ்ஞானி என்றால் தாத்தாதானா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ‘ஒரு விஞ்ஞானியை வரைந்து காட்டு’ என்றேன். பரட்டைத் தலை, கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, கையில் புகை வரும் குடுவையோடு ஒரு தாத்தாவை வரைந்தாள். ‘ஏன், ஒரு அக்காவாக இருக்கக் கூடாதா?’ என்றால், ‘அக்கான்னா டீச்சர்தானேம்மா’ என்கிறாள். 9 வயது அண்ணனும் அதையே சொல்கிறான். நாங்கள் அப்படிச் சொல்லி வளர்க்கவில்லை. இதை எப்படி மாற்றுவது?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 4,807 குழந்தைகளை இதேபோல் வரையச் சொல்லி, முடிவை 1983-இல் வெளியிட்டார். பெண்ணை வரைந்தவர்கள் வெறும் 28 பேர். அத்தனை பேரும் சிறுமிகள். ஒரு பையன்கூட இல்லை. இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் அமெரிக்க ஆய்வுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தபோது, 5, 6 வயதில் ஆணையும் பெண்ணையும் ஏறக்குறைய சமமாக வரையும் குழந்தைகள், வயது ஏற ஏற ஆணையே அதிகம் வரைவது தெரிந்தது. பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் இந்தத் தாத்தாவைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கார்ட்டூன் மட்டும் காரணமில்லை, நம் பேச்சும்தான். தமிழில் ‘விஞ்ஞானி’ என்ற சொல்லுக்கு ஆண், பெண் கிடையாது. ஆனால் ‘பெண் விஞ்ஞானி’ என்கிறோமே, ‘ஆண் விஞ்ஞானி’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கதை சொல்லும்போதும் ‘ஒரு விஞ்ஞானி இருந்தானாம்’ என்றுதான் வாயில் வருகிறது. இனி ‘இருந்தாளாம்’ என்றும் சொல்லிப் பாருங்கள்.

மேரி கியூரி இரண்டு நோபல் பரிசு வாங்கியதைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் பரிசை மட்டும் சொன்னால், ‘அவங்க மாதிரி நம்மால முடியுமா’ என்று குழந்தை ஒதுங்கிவிடும் என்பது என் கருத்து. அவர்கள் கையால் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். பார்பரா மெக்லின்டாக் வருடக்கணக்காக மக்காச்சோள மணிகளின் நிறத்தை உற்றுப் பார்த்தே மரபணுக்கள் இடம் மாறும் என்று கண்டவர். கீரட் வெர்மெய்க்கு 3 வயதிலேயே பார்வை போய்விட்டது. ஆனாலும் சிப்பி, சங்குகளை விரலால் தடவியே ஆராய்கிறார்; நண்டு உடைக்கப் பார்த்த தழும்புகூட அந்த விரலுக்குத் தெரியும். மகனிடம் ஒரு சங்கைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2019-இல் வந்த ஒரு ஆய்வில் சின்னக் குழந்தைகளில் சிலரிடம் ‘இன்று நாம் விஞ்ஞானியாக இருக்கப் போகிறோம்’ என்றும், சிலரிடம் ‘இன்று நாம் அறிவியல் செய்யப் போகிறோம்’ என்றும் சொன்னார்கள். ‘செய்யப் போகிறோம்’ என்று கேட்ட சிறுமிகள் விளையாட்டை விடாமல் அதிக நேரம் தொடர்ந்தார்கள். ‘விஞ்ஞானி’ என்றதுமே ‘அது நான் இல்லையே’ என்ற எண்ணம் குறுக்கே வந்துவிடுகிறது. செய்வதற்கு யாரும் யாராகவும் மாற வேண்டியதில்லை.

அதனால் படத்தைப் பற்றி வாதாடுவதை விட்டுவிடுங்கள். ஈரப் பஞ்சில் நாலு பயறு ஜன்னலோரம், நாலு பயறு அலமாரி இருட்டில். ‘எது உயரமா வளரும்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ஜன்னல் என்றுதான் சொல்வார்கள். சில நாளில் இருட்டில் இருந்தது வெளிறிப்போய், ஆனால் நெடுநெடுவென்று நிற்கும். ‘ஏம்மா இப்படி?’ என்று அவள் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ‘எப்படிக் கண்டுபிடிக்கலாம்?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம், அண்ணனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பையன் கருவியைப் பிடிப்பான், பெண் நோட்டில் எழுதுவாள். உங்கள் வீட்டில் ஸ்கேல் அவள் கையில் இருக்கட்டும், அவன் எழுதட்டும். அடுத்த நாள் மாற்றிக்கொள்ளட்டும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வரையச் சொல்லுங்கள். அப்போதும் தாத்தாவே வந்தால் திருத்த வேண்டாம். ‘சரி, இவர் இன்னைக்கு என்ன கண்டுபிடிக்கப் பார்க்கிறார்?’ என்று மட்டும் கேளுங்கள்.