ஊருக்கு அருகே பெருங்கோழிப்பண்ணை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொங்குப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் ஒரே கவலை வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப வந்திருப்பதால், இந்த முறை பதில்கள் அனைத்தும் அந்த ஒரு பொருளைப் பற்றியே அமைகின்றன.

கேள்வி: எங்கள் ஊரின் மேற்கு எல்லையில் 1,20,000 முட்டைக்கோழிகளுக்கான பண்ணை வரப்போவதாக அறிகிறோம். அரசு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது எதிர்ப்பைப் பதிவு செய்யலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கூட்டம் எப்போது நடக்கும்?

தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அப்படி ஒரு கூட்டம் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் சுரங்கம், அனல்மின் நிலையம், சர்க்கரை ஆலை போன்றவை இடம்பெற்றுள்ளன. கோழிப்பண்ணை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் இடம்பெறவில்லை. எனவே பொதுமக்களிடம் கருத்துக் கேட்காமலேயே ஒரு லட்சம் கோழிகள் உங்கள் ஊருக்கு வந்துவிட முடியும். இது பெரும் குறை என்பதே என் உறுதியான கருத்து.

உங்களுக்கு இருக்கும் வாயில் வேறு. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படியும் 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின்படியும், தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்திடம் பண்ணையை நிறுவுவதற்கான இசைவாணையும், பின்னர் இயக்குவதற்கான இசைவாணையும் பெற வேண்டும். ஒரு காலத்தில் ஒரு லட்சம் கோழிகளுக்குக் குறைவான பண்ணைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்தது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 செப்டம்பரில் தலையிட்ட பிறகு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் கோழிப்பண்ணைகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளைத் திருத்தியது. 25,000 கோழிகளுக்கு மேற்பட்ட பண்ணைகள் இசைவாணை வரம்புக்குள் வந்தன.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். நீர்ச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி, முழுமையான விண்ணப்பம் அளிக்கப்பட்டு நான்கு மாதங்களுக்குள் வாரியம் இசைவு தரவோ மறுக்கவோ செய்யாவிட்டால், இசைவு தரப்பட்டதாகவே கருதப்படும். ஆகவே விண்ணப்பம் எந்தத் தேதியில் அளிக்கப்பட்டது என்பதை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் உடனே விசாரியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பத்தின் நகலையும் தள வரைபடத்தையும் கேளுங்கள். பதில் வர 30 நாட்கள் ஆகலாம் என்பதால், அதற்காகக் காத்திராமல் உங்கள் ஆட்சேபனை மனுவை அதே நாளில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே தோட்டத்தை மூன்று பேர் பெயரில் பிரித்து, ஒவ்வொன்றிலும் 24,000 கோழிகள் என்று காட்டுகிறார்கள். இது செல்லுமா?

வழிகாட்டு நெறிமுறைகள் ஓரிடத்தில் உள்ள கோழிகளின் எண்ணிக்கையைத்தான் கணக்கில் எடுக்கின்றன. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட, ஒரே வழித்தடம், ஒரே ஆழ்துளைக் கிணறு, ஒரே மின்மாற்றி, ஒரே எருக்குழி என்று பயன்பாடு பொதுவாக இருப்பதே முக்கியமான சான்று. மூன்று புல எண்களையும் புலப்படத்தில் குறித்து, பொதுவானவை எவை என்பதைப் புகைப்படத்துடன் எழுதுங்கள்.

தொலைவைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். 2021இல் வெளியான நெறிமுறைகள், புதிய பண்ணை குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர், ஆறு, ஏரி, வாய்க்கால், குடிநீர் ஆதாரங்களிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன. உங்கள் ஊர் விண்ணப்பத்துக்குப் பொருந்தும் பதிப்பு எது என்பதை வாரியத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அளக்கும்போது பண்ணையின் வாயிற்கதவிலிருந்து அளக்காமல், கொட்டகையின் மூலையிலிருந்தும் எருக்குழியின் விளிம்பிலிருந்தும் அளந்து குறியுங்கள். தனித்தனியாக இருக்கும் தோட்டத்துச் சாளைகள் (தோட்டத்து வீடுகள்) கணக்கில் விடுபட்டுவிடுகின்றன. அங்கே குடும்பங்கள் ஆண்டு முழுவதும் வசிக்கின்றன என்பதற்குக் குடும்ப அட்டை, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.

கேள்வி: நவீனக் கொட்டகை என்பதால் நாற்றமும் ஈயும் அறவே இருக்காது என்று நிறுவனத்தார் உறுதி சொல்கிறார்கள். நம்பலாமா?

வாய்மொழி உறுதியை நம்ப வேண்டாம். அவர்களின் வடிவமைப்பைக் கேளுங்கள். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கோழிகளிடமிருந்து தினமும் 10 டன் எரு சேரும். புதிய எச்சத்தில் முக்கால் பங்கு நீர்தான். அது விரைவாகக் காய்ந்தால் நாற்றம் குறைவு, ஈயும் குறைவு. ஈரம் நின்றால் இரண்டுமே பெருகும்.

கூண்டு முறைப் பண்ணைக்குள் சென்று பார்த்தால் இது கண்ணுக்கே புலப்படும். உலர்ந்த இடங்களில் கூண்டுகளுக்கு அடியில் எரு சிறு சிறு கூம்புகளாகக் குவிந்து நிற்கும். குடிநீர்க் குழாயின் முனை ஒழுகும் இடத்தில் மட்டும் அந்தக் கூம்பு சரிந்து கூழாகிக் கிடக்கும். ஒரு குச்சியால் கிளறினால் புழுக்கள் நெளிவது தெரியும். கோடையில் வீட்டு ஈயின் முட்டை, ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாட்களில் பறக்கும் ஈயாகிவிடும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை மருந்து தெளிக்கிறோம் என்ற பதில் போதாது. ஒழுகும் குழாய்களை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்ப்பார்கள், மழைக்காலத்தில் எரு எங்கே மூடி வைக்கப்படும், செத்த கோழிகள் எங்கே, எப்படி அகற்றப்படும் என்பவை இசைவாணையின் நிபந்தனைகளாகவே எழுதப்பட வேண்டும் என்று கோருங்கள்.

மூடிய கொட்டகைகளில் பெரிய மின்விசிறிகள் ஒரு முனையிலிருந்து காற்றை வெளியே தள்ளுகின்றன. அந்த முனை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பல்லடம், உடுமலைப்பேட்டை மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் கேள்வி கேட்ட வாசகரின் ஊரைப் போல, பண்ணை மேற்கிலும் ஊர் கிழக்கிலும் இருந்தால், ஆடிக்காற்று முழுவதும் எருவிலிருந்து எழும் அமோனியா வாயுவை ஊருக்குள்தான் கொண்டுவரும். ஆறுமாதக் குழந்தையையும் ஆஸ்துமா உள்ள முதியவரையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நான்கு மாதங்கள் சன்னலை அடைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே அல்ல.

கேள்வி: எரு முழுவதையும் வெளியூருக்கு விற்றுவிடுவதால் பாதிப்பு இல்லை என்கிறார்களே?

எரு இடம் மாறினால் அதன் பாதிப்பும் உடன் போகும். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில் ஏறத்தாழ 2,10,000 கறிக்கோழிகளுக்கான பண்ணைக்குத் தரப்பட்ட அனுமதியை, அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது. பிறர் நிலங்களில் கொட்டப்படும் எருவின் நாற்றமும் தூசியும் சரியாக மதிப்பிடப்படவில்லை என்பதே காரணம். அந்தத் தீர்ப்பு நம் நாட்டு அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த வாதம் இங்கும் பொருந்தும். யார் வாங்குகிறார்கள், எந்த வண்டியில், மூடிய நிலையிலா என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கிணறுகள் வற்றிவிடுமோ, கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு முட்டைக்கோழி நாளுக்குக் கால் லிட்டர் குடிப்பதாகக் கொண்டால், ஒரு லட்சம் கோழிகளுக்கு 25,000 லிட்டர் வேண்டும். கோடையில் இது கணிசமாகக் கூடும். கொட்டகையைக் குளிர்விக்கும் நீர் இதில் சேரவில்லை. தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும் என்பது விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

நீரின் தரத்தைப் பொறுத்தவரை, பண்ணை வருவதற்கு முன்பே உங்கள் கிணற்று நீரைச் சோதித்து வைப்பதுதான் மிக முக்கியம். எருவிலிருந்து நிலத்தடி நீரில் கசியக்கூடிய நைட்ரேட், குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது; மிகுந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் இன்றைய அளவைப் பதிந்துகொள்ளாவிட்டால், மூன்று ஆண்டுகள் கழித்து அளவு கூடியிருந்தாலும் அது முன்பே இருந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: பறவைக் காய்ச்சல் வரும் என்பதை முதல் காரணமாக எழுதலாமா?

முதல் காரணமாக வேண்டாம். நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வீட்டு நாட்டுக்கோழிகளும் அழிக்கப்படும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும் என்பதைப் பின்னால் சேர்க்கலாம்.

கேள்வி: கிராம சபைத் தீர்மானம் போதுமா? என் அண்ணன் மகன் 5,000 கறிக்கோழி ஒப்பந்தத்தில் வளர்க்கிறான். அவனுக்குப் பாதிப்பு வருமோ என்றும் தயங்குகிறேன்.

தீர்மானம் தானாக வாரியத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் கோப்பில் ஏறும் வலுவான ஆவணம் அது. "கோழிப்பண்ணை வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் உங்கள் அண்ணன் மகனும் அதில் சிக்குவார், தீர்மானமும் வலுவிழக்கும். புல எண், கோழிகளின் எண்ணிக்கை, கிணறுகளின் தொலைவு, பள்ளியின் தொலைவு ஆகியவற்றைக் குறித்து, இந்தப் பண்ணையை இந்த இடத்தில் எதிர்க்கிறோம் என்று எழுதுங்கள். அவரையும் கிராம சபைக்கு அழைத்து வாருங்கள். எரு ஈரமானால் என்ன ஆகும் என்பதை அவரைவிட நன்றாக அங்கே சொல்லக்கூடியவர் இருக்க மாட்டார்.

கேள்வி: கட்டுமானமே தொடங்கிவிட்டது. இனி என்ன செய்வது?

நிறுவுவதற்கான இசைவாணை இல்லாமல் கட்டினால் அதுவே சட்டமீறல். தேதி தெரியும் புகைப்படங்களுடன் வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் புகார் கொடுங்கள். இசைவாணை தரப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அமைப்பை அணுக வேண்டும். சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் தனி மனு தாக்கல் செய்ய, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாத காலம் உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை கிடைக்கும். பண்ணை இயங்கத் தொடங்கி ஈயும் நாற்றமும் தாங்க முடியாமல் போனால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவின்படி, பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடுமாறு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவுதான் இது. உங்கள் ஊர் வழக்கறிஞர்களுக்கு அந்தப் பழைய எண்ணே பழக்கமாக இருக்கும் என்பதால், பேசும்போது இரண்டையும் சொல்லுங்கள்.