வளையக் கவசம் என்றால் என்ன? அதன் வளையங்களை ஏன் ஆணியடித்து மூடினார்கள்?

சிறு இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த சட்டையே வளையக் கவசம். இடைக்கால ஐரோப்பாவில் பெரிதும் பயன்பட்ட பின்னலில் ஒவ்வொரு வளையமும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு வளையங்களுக்குள் நுழைந்து செல்லும்.

பினாங்குத் தீவின் தெலுக் பஹாங் மீனவர்களின் வலையில் ஒரு கண்ணியை இழுத்தால் பக்கத்துக் கண்ணிகளும் சேர்ந்து இழுபடுகின்றன. ஆனால் முடிச்சு நெகிழ்ந்தால் வலை கிழிந்துவிடும். கவசத்தில் அந்த முடிச்சின் வேலையைச் செய்வது ஆணி. கம்பியின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தட்டையாக்கி, துளையிட்டு, நுண்ணிய ஆணியைச் செலுத்தி நசுக்கினார்கள். முனைகளை வெறுமனே ஒட்டி வளைத்த வளையம், கூரிய ஈட்டிமுனை நுழைந்ததும் வாய் பிளந்துவிடும். பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பலர் இந்த எளிய வகையிலேயே நின்றுவிடுகிறார்கள். பழங்காலக் கைத்திறனை அறிய விரும்புவோர் கையளவுத் துண்டையாவது ஆணியடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பினாங்கின் ஈரக்காற்றில் பூச்சில்லாத இரும்புக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், எண்ணெய் தடவி வைப்பது கட்டாயம். அக்காலத்தில் கவசத்தை மணலோடு பீப்பாயில் இட்டு உருட்டித் துருவை நீக்கினார்கள்.

இந்தக் கவசம் மட்டுமே வீரனைக் காத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வெட்டைத் தடுத்ததே தவிர, அடியின் அதிர்ச்சியைத் தாங்கியது பெரும்பாலும் உள்ளே அணிந்த தடித்த பஞ்சுச் சட்டைதான்.